மேட்டில் இடமில்லை

கனிஷாய் இறந்துபோன செய்தி வந்தபோது ஜுமாதில் ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தார். கையை வெளியே உருவி, வாளித் தண்ணீரில் தோள்வரை தேய்த்துக் கழுவினார். செய்தியைச் சொன்னது பசுவின் சொந்தக்காரர் ஷெர்மாத். ஊர் மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான்.

"பாவம், நல்லவ. எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டார் ஜுமாதில்.

"எங்க எடுக்கிறது? அதான பிரச்சினையே. மேட்டுல இடம் கிடையாதுன்னு பள்ளிவாசல் மோல்டோ சொல்லிட்டாரு. ஊரே அவர் பக்கம் நிக்குது. நாளைக்கு மன்றத்தைக் கூட்டுறேன். நீங்க எந்திரிச்சு நாலு வார்த்தை பேசுங்க டாக்டரே, அடிதடி இல்லாம முடிஞ்சிடும்."

"எந்தப் பக்கம் பேசச் சொல்றீங்க?"

ஷெர்மாத் சிரித்தார். "இது என்ன கேள்வி? தொழுகையில முதல் வரிசையில நிக்கிற ஆளு நீங்க."

கனிஷாய் ஊரில் பால் சேகரித்து விற்கிறவளாக இருந்தவள். புருஷன் போன பிறகு நாரின் நகரத்து ஞானஸ்நானக் கூட்டத்தாரோடு சேர்ந்து இயேசுவைக் கும்பிட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஊர் அவளை "விலைபோனவ" என்றுதான் சொன்னது. அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பாலை அளந்து ஊற்றினாள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள், அவ்வளவுதான்.

ஊர் மேட்டில்தான் எல்லோருக்கும் கல்லறை. மண் குவிமாடங்கள், இரும்புப் பிறைகள், அவற்றுக்கிடையே கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துத் துருப்பிடித்த இரும்பு நட்சத்திரங்கள். மேடு மன்றத்துக்குச் சொந்தமான நிலம். ஆகவே கனிஷாய்க்கு இடம் உண்டா இல்லையா என்பதை மன்றம் கை தூக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஜுமாதில் மன்றத்துக்கு வந்ததே பள்ளிவாசல்காரர்களின் ஓட்டில். மாட்டு டாக்டர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓட்டு விழுந்தது தொழுகைக்கு. முப்பத்தைந்து வயதில், நாடே கலைந்து சம்பளம் நின்றுபோன காலத்தில், அவர் குடியை விட்டுவிட்டுத் தொழ ஆரம்பித்தார். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. நெற்றி தரையில் படும்போது யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். பிறகு ஒரு காலத்தில் அப்படி இல்லாமல் போயிற்று. எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை. துக்கம் எதுவும் நேரவில்லை, யாரும் வந்து அவரிடம் வாதாடவும் இல்லை. ஒரு வசந்தத்தில், மேய்ச்சல் நிலத்து ஓடையில் கை கால் கழுவிக்கொண்டு நின்றவர், தாம் யாரிடமும் பேசவில்லை என்பதை உணர்ந்தார். அதற்குப் பிறகும் பள்ளிவாசலுக்குப் போனார். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அந்த வரிசையை விட மனம் வரவில்லை.

ஆனால் மன்றத்தில் கை தூக்குவது கடினமாகிவிட்டது. முன்பு கடையில் வோட்கா விற்கக் கூடாது என்று தீர்மானம் வந்தபோது முதலில் தூக்கிய கை அவருடையது. கடைக்காரி அவரை வழியில் மறித்து, "இதைக் கடவுள் உங்க காதுல வந்து சொன்னாராக்கும்?" என்று கேட்டாள். அன்று அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார். ஓடைக்கரைக்குப் பிறகு அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

மாலையில் சாவு வீட்டுக்குப் போனார். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலை உள்ளே கிடத்தியிருந்தார்கள். ஒப்பாரி இல்லை. ஒப்பாரி வைக்க வேண்டிய அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. நகரத்திலிருந்து வந்த சிலர் மட்டும் கூடாரத்துக்குள் மெல்லிய குரலில் எதையோ பாடிக்கொண்டிருந்தார்கள். கனிஷாயின் மகன் எர்மெக் வாசலில் நின்றான். அவன் தாயின் கூட்டத்திலும் இல்லை, பள்ளிவாசலிலும் இல்லை, லாரி ஓட்டுகிறவன்.

"டாக்டர் அண்ணே, நீங்க ஒருத்தராவது வந்தீங்க," என்றான். கைகளைப் பற்றிக்கொண்டான். "எங்கப்பா மேட்டுலதான் கிடக்காரு. அவர் பக்கத்துல வையின்னு சொல்லிட்டுத்தான் செத்தா. நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே. மார்க்கத்துல தடை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

"பேசுறேன்," என்றார் ஜுமாதில்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி புருல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள்.

"பொலோத் அப்பா, நாளைக்கு வாயைத் திறக்காதீங்க. எல்லாரும் தூக்குறப்ப கையைத் தூக்கிட்டு வந்துடுங்க."

"எதுக்குத் தூக்கணும்? எனக்கு அதுல நம்பிக்கை இல்ல புருல்."

"எதுல?"

அவர் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் புருல். "துவா கேக்குறப்ப உங்க உதடு அசையுறதில்ல. மூணு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன். நான் கேட்டேனா? நமக்குள்ள இருக்கிறது நமக்குள்ள இருக்கட்டும். ஊர்ல சொல்லி என்ன ஆகப்போகுது?"

இத்தனை நாள் பக்கத்திலேயே ஒருத்தி தெரிந்துவைத்திருந்தாள் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு பேர் ஒரே அறையில் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் மன்றக் கூடத்தில் நிற்க இடமில்லை. கல்பாக் தொப்பிகள் சன்னல்வரை நெருக்கிக்கொண்டிருந்தன. மோல்டோ நசிர்தீன் முதலில் எழுந்தார். ஜுமாதிலைவிட இளையவர், கத்திப் பேசுகிற ஆள் அல்ல.

"அந்தம்மா மேல எனக்குக் கோபம் கிடையாது. அவங்க கையால பால் வாங்கிக் குடிச்சவன்தான் நான். ஆனா எங்கம்மா அந்த மேட்டுல கிடக்கா. எங்க ஆளுங்களுக்கு நடுவுல என்னை வையிடான்னு கேட்டவ. பக்கத்துல கொண்டுபோய் சிலுவையை நட்டா, நாளைக்கு நான் அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஷெர்மாத் ஜுமாதிலைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜுமாதில் எழுந்தார். "மேட்டுல நட்சத்திரம் வச்ச கல்லறைங்க இருக்கு. எங்க பெரியப்பா கல்லறையும் அதுல ஒண்ணு. கடவுளே கிடையாதுன்னு இதே கூடத்துல நின்னு பேசினவர் அவர். அவருக்கு இடம் இருக்கு. கடவுள் இருக்காருன்னு சொன்னவளுக்கு இடம் இல்லையா?"

சலசலப்பு எழுந்தது. "அவங்கல்லாம் சாகுறப்ப கலிமா சொல்லிட்டுத்தான் செத்தாங்க!" என்று ஒருவர் கத்தினார். "நீ பக்கத்துல இருந்து கேட்டியா?" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். கூட்டம் லேசாக இளகுவது தெரிந்தது. மன்றத்து உறுப்பினர்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மேய்ப்பர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "டாக்டரே, எங்களுக்குப் படிப்பு கிடையாது. நீங்க தொழுகையாளி. மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க. நாங்க கேட்டுக்கிறோம்."

வாசற்படியில் எர்மெக் நின்றிருந்தான். அவன் உதடுகள் "சொல்லுங்க" என்று அசைந்தன.

சொல்லியிருக்கலாம். இடம் இருக்கிறது என்ற ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தைக்கு இருந்த எடை, அவரிடம் இல்லாத ஒன்றின் எடை. வோட்காவைத் தடுக்க அதைத்தான் பயன்படுத்தினார். இப்போது நல்ல காரியத்துக்காக மறுபடியும் பயன்படுத்தினால், நாளைக்கு வேறொருவன் வேறொரு காரியத்துக்கு அதையே எடுத்து வீசுவான். இந்தக் கூட்டம் அப்போதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்கும்.

"நான் அதைச் சொல்ல முடியாது," என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "மார்க்கத்து பேரால பேச எனக்கு அருகதை இல்ல. மேல யாரும் இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது. காலேஜுல தத்துவப் பரீட்சையில கடவுள் இல்லைன்னு எழுதி அஞ்சுக்கு அஞ்சு மார்க் வாங்கினேன். அப்புறம் இருக்குன்னு சொல்லி உங்களோட நின்னேன். ரெண்டுமே எனக்கு நிச்சயமில்ல. நிச்சயமில்லாத ஒருத்தன் அடுத்தவங்க பிணத்தை எங்க போடணும்னு எப்படி உத்தரவு போடுவான்? உங்கள்ல யாருக்காவது நிச்சயமா தெரிஞ்சிருக்கலாம். மன்றத்துக்குத் தெரியாது. மன்றம் மண்ணை மட்டும் பாக்கட்டும். அதனாலதான் இடம் விடச் சொல்றேன்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். மோல்டோ நசிர்தீன் மெதுவாக எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப நீங்கதான முன்னாடி நின்னு தொழ வச்சீங்க? ஊரே உங்களுக்குப் பின்னாடி குனிஞ்சுது. அந்தத் தொழுகையெல்லாம் என்ன ஆச்சு டாக்டரே?"

அந்த ஊரில் அவரைக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளில் அது ஒன்றுதான் நியாயமானது என்று ஜுமாதிலுக்குப் பட்டது.

ஓட்டெடுப்பில் கனிஷாய்க்காக உயர்ந்தது அவர் கை ஒன்றுதான். முன்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளுக்காகக் கை தூக்கினால் டாக்டரின் ஆளாகிவிடுவோமே என்ற பயம்.

வெளியே எர்மெக் அவரை லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஒரு பொய்ண்ணே. எங்கம்மாவுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை நாள் ஊரை ஏமாத்துனீங்க, இன்னும் ஒரு நாள் சேர்த்து ஏமாத்த முடியலையா? உங்க மனசுல இருந்ததை இறக்கி வச்சுட்டீங்க. நல்லது. எங்கம்மா இன்னும் வாசல்ல கிடக்கா."

"ஆத்தங்கரையில என் புல்வெளி இருக்கு எர்மெக். அது மன்றத்து நிலமில்ல. அங்க வைக்கலாம்."

எர்மெக் காறித் துப்பினான். பிறகு, வேறு வழி இல்லாததால், சரி என்றான்.

ஆற்றங்கரை மண் முழுக்கக் கூழாங்கல். நகரத்துக்காரர்கள் தோண்டினார்கள். ஜுமாதில் கடப்பாரையோடு இறங்கியபோது எர்மெக் தடுக்கவும் இல்லை, நகர்ந்து இடம் விடவும் இல்லை. பெட்டி இறங்கியதும் அவர்கள் கண்ணை மூடி ஜெபித்தார்கள். மண் ஒட்டிய கையோடு ஜுமாதில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். ஓரங்களில் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்திருந்தது. முடிந்த பிறகு அவர்களின் போதகர் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை எங்ககிட்ட வாங்க சகோதரரே. கடவுள் உங்களைத் தேடிட்டு இருக்காரு."

"தேடட்டும்," என்றார் ஜுமாதில். "வீட்டுலதான் இருப்பேன்."

அந்தக் குளிர்காலத்தில் ஊர் அவரை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மாடுகளுக்கு நோய் வந்தபோது கூப்பிட்டார்கள். ஆனால் மாட்டை வேலிக்கு வெளியே ஓட்டிவந்து நிறுத்தினார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போடவைக்காமல் அனுப்பமாட்டார்கள் அந்த ஊரில், ஜென்மப் பகையாளி வந்தாலும் கூட. அவரிடம் யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. ஊசியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

புத்தாண்டு கழிந்ததும் புருல் பிஷ்கெக்கில் இருந்த மகன் பொலோத் வீட்டுக்குக் கிளம்பினாள். "பேத்திக்கு உடம்பு சரியில்ல, பாத்துட்டு வரேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலமாரியில் அவருடைய கம்பளிக் காலுறைகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். பனி உருகியபோதும் பேத்திக்கு உடம்பு சரியாகியிருக்கவில்லை.

வசந்தத்தில் வட்டார அரசு அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பள்ளிவாசலை ஒட்டிய அறையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லித்தருவதற்கு அனுமதி இல்லை, மன்றம் தீர்மானம் போட்டு மூட வேண்டும். கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. வெள்ளிக்கிழமை தவறாத கைகளும் உயர்ந்தன. ஜுமாதில் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணையா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. எழுதிக்குங்க."

அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மோல்டோ நசிர்தீன் அவர் வேலிக்கு வந்தார். குதிரையிலிருந்து இறங்கவில்லை.

"எங்காளுங்களே கை தூக்கிட்டாங்க. நீங்க ஏன் தூக்கல?"

"பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லித்தரக் கூடாதுன்னு எனக்கு நிச்சயமா தெரியாதே."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

"வேற ஒண்ணும் இல்லையே எங்கிட்ட."

குதிரை தலையை உதறியது. மோல்டோ கடிவாளத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "உங்களை எந்தப் பக்கம் வச்சுப் பாக்குறதுன்னே புரியல. நீங்க எங்களுக்கும் ஆகல, அவங்களுக்கும் ஆகல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் வருவாங்கன்னு யோசிச்சீங்களா? நான் வர முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மோல்டோ."

"எனக்கும் அது வருத்தம்தான்," என்று சொல்லிவிட்டு நசிர்தீன் குதிரையைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை மதியங்கள்தான் கஷ்டமாக இருந்தன. பாங்கொலி கேட்டதும் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். கடவுள் இல்லாமல் அவருக்குப் பழகிவிட்டது. அந்தத் தோள்கள் இல்லாமல்தான் பழகவில்லை. நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை, இடம் பற்றாமல் ஒட்டிக்கொள்ளும் பக்கத்துக்காரரின் முழங்கை, தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடும் தள்ளுமுள்ளு. கதவைச் சாத்திக்கொண்டு, உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவிக்கொண்டிருப்பார், இரண்டு பேருக்குக் காணும் அளவுக்கு.

இலையுதிர் காலத்தில் மன்றத் தேர்தல் வந்தது. தோற்பார் என்று தெரிந்தேதான் நின்றார். எதற்கு என்று பிஷ்கெக்கிலிருந்து மகன் போனில் சத்தம் போட்டான். "சும்மா நிக்கிறேன்டா," என்றார். சுவரொட்டி அடிக்கவில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. போனாலும் உள்ளே கூப்பிடமாட்டார்கள்.

ஓட்டு எண்ணிப் பள்ளிக்கூடக் கதவில் தாளை ஒட்டினார்கள். அவர் பெயருக்கு நேரே ஏழு என்று இருந்தது. ஒன்று அவருடையது. எர்மெக் போட்டிருக்கமாட்டான், அவன் லாரியோடு ருஷ்யாவுக்குப் போய்விட்டான். அப்படியானால் மற்ற ஆறு?

ஜுமாதில் அந்தத் தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்தார். எதிரில் வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். ரொட்டி விற்கிறவள், பள்ளிக்கூட வாத்தியார், தொப்பியைக் கழற்றிக் கேள்வி கேட்ட அந்த மேய்ப்பர், வண்டியில் கரி ஏற்றிவந்த ஒருவர். ஒவ்வொருவரும் அவரைக் கண்டதும் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஆறு பேரும் அப்படித்தான் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.