எந்தப் பக்கம் போட்டாலும்

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் சரக்கு கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் பிரிண்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரியின் வேதம். கால்பந்தையும் அதே கணக்கில்தான் சேர்த்தார். ஞாயிறு மாலை இந்தியாவுக்கு மேட்ச். சனிக்கிழமையே நெஞ்சு நிறைய '3-0' என்று அச்சடித்த பனியன்கள் ரெடி. தெருவே மாட்டிக்கொண்டது. தெருநாய்க்கும் ஒன்று கிடைத்தது, அதற்கு எக்ஸ்எல்.

"வெளையாடறதுக்கு முன்னாலயே ஸ்கோருங்களா மாஸ்டர்?"

"வளர்ற டீமுங்க சாமி. அதுவும் சொந்த மண்ணுல. மூணுக்குக் கொறைஞ்சா எம்பேரை மாத்திக்கறேன்."

கிரிக்கெட் குழுத் தலைவர் சசிகுமாருக்கு அது போதும். தெருக்கோடி மைதானத்தில் கோல் கம்பம் நட்ட நாள் முதல் அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "அப்பச் சரிங்க. செயிச்சா கம்பம் நிக்கட்டும். தோத்தா வெடியால வந்து புடுங்கிருவனுங்க."

வெள்ளியங்கிரி யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நின்று பந்து பிடிப்பது அவருடைய மகள்வயிற்றுப் பேத்தி வினிதா. பனியன் கம்பெனிப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். அவளுக்கு வேறு மைதானம் கிடையாது.

"அப்புச்சி, என்னையக் கேக்காமயே பந்தயங்கட்டீட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சுவரில் வெள்ளைத் துணி கட்டி மேட்சைக் காட்டினார்கள். இந்திய வலையில் முதல் கோல் விழுந்ததும் பழைய மேட்சைப் போட்டுவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாவதற்கு டீக்கடை பாய்லர் கொதிப்பதை நிறுத்தியது. மூன்றாவதற்கு நாய் பனியனோடு வீட்டுக்குப் போய்விட்டது.

இடைவேளையில் மானம் தாங்காமல் தூத்துக்குடிப் பக்கத்து டெய்லர் இசக்கிமுத்து பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மாட்டினார். துணி மெல்லிசு, சாயம் ஊறி மறுபக்கம் வந்திருந்தது. தலைகீழாக அல்ல, இடவலம் மாறி: 0-3, மூன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அண்ணாச்சி! இந்தப் பக்கம் சரியால்லா இருக்கு!"

தெருவே திருப்பிப் போட்டுக்கொண்டது. வெள்ளியங்கிரிக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. "அச்சுல தப்பில்லீங்க. போட்ட பக்கந்தான் தப்பு."

அப்புறம் நாலு. அஞ்சு. ஆறு.

இனி எந்தப் பக்கம் போட்டாலும் பொய். யாரும் எழவில்லை. படம் அணைந்த பிறகும் வெறும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக் குதிக்க வேண்டிய சசிகுமார் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். "சொந்த ஊருல... ஆறுங்களா?" என்று யாரிடமோ கேட்டார்.

விடிந்ததும் கடப்பாரையோடு வந்தார். கண் சிவந்து கிடந்தது. வெள்ளியங்கிரி கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். நடுவில் வினிதா, கையுறை மாட்டி, நகராமல்.

சசிகுமார் கடப்பாரையை ஓங்கவில்லை. "கண்ணு, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அந்த நாலாவது கோலு... கீப்பர் எதுக்கு வெளிய ஓடி வந்தான்? நீயா இருந்தாப் புடிச்சிருப்பயா?"

"அடிச்சுப் பாருங்க மாமா."

கடப்பாரையைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்தை அடித்தார். பிடித்தாள். முறைத்துப் பார்த்து மறுபடி அடித்தார். பிடித்தாள்.

"அவன் இந்தப் பக்கமில்ல, அந்த மூலைக்கில்லா அடிச்சான்!" என்று இசக்கிமுத்து இடித்துக்கொண்டு வந்தார். கம்பெனிச் சங்கு ஊதியபோது பாதித் தெரு, பனியனை எந்தப் பக்கமோ மாட்டிக்கொண்டு, ஆறு கோலையும் திரும்ப அடித்துப் பார்க்க வரிசையில் நின்றது.

"சசி, கம்பம்?" என்றார் வெள்ளியங்கிரி மெதுவாக.

"அட, இருங்க மாஸ்டர்! இன்னும் அஞ்சாவது கோலே முடியல."