பரணில் வைத்த மருந்து

கரப்பான்பூச்சியை யார் வேண்டுமானாலும் செருப்பால் அடிக்கலாம். அதையே தொழிலாகச் செய்ய வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. விஷத்தைக் கையில் எடுப்பவனுக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் நினைப்பது நியாயம்தான். அருள்பிரகாஷும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவன். மூட்டைப்பூச்சிக்கும் எலிக்கும் மருந்து வைக்க மதுரையிலிருந்து ஆள் வரவழைப்பதைப் பார்த்துப் பார்த்து, மலையிலேயே ஒரு ஆள் இருந்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. கையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இருந்தது. வேலையை விட்டான். ஹைதராபாத் போய்ப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தான். விண்ணப்பம் போட்டான். அப்புறம்தான் தலைவலி ஆரம்பித்தது.

மருந்து வைக்கத் தனி அறை காட்ட வேண்டும். ஆள் குடியிருக்கும் கட்டடமாக இருக்கக் கூடாது, சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில் இருக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், பூட்டு வேண்டும். கொடைக்கானலில் நாலு சுவர் இருந்தால் உள்ளே கட்டிலைப் போட்டு டூரிஸ்ட்டை ஏற்றிவிடுவார்கள். கட்டில் போடக்கூட லாயக்கில்லாத அறையை வைத்திருந்தவர்களும் விஷம் என்றதும் கதவைச் சாத்தினார்கள். பங்குச் சாமியாரின் சிபாரிசுகூடப் பலிக்கவில்லை.

கடைசியில் இடம் கொடுத்தவர் நாச்சிமுத்து. கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைக் கிராமத்தில் பூண்டு போடுகிறவர். ஹோட்டலுக்குக் காய்கறி இறக்க வந்தபோது ஏற்பட்ட பழக்கம். வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்து ஓரத்தில் உரமூட்டை அடுக்கியிருந்த கல் அறையைக் காலி செய்து, "இந்தா தம்பி, பூட்டிக்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அவர் மனைவி வீரம்மாள் அன்றைக்கு அருள்பிரகாஷுக்கும் அவன் மனைவி அனிட்டாவுக்கும் சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினான். முதலுதவிப் பெட்டி, கையுறை, முகமூடி, மண்டை ஓடு வரைந்த எச்சரிக்கைப் பலகை எல்லாம் வாங்கினான். இனி அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவரோ ஒரு தடவை மழை என்றார், ஒரு தடவை தேர்தல் வேலை என்றார். மூன்றாம் தடவை மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. லைசென்ஸ் வரும்வரை ஒரு பாட்டில் மருந்துகூட வைத்திருக்கக் கூடாது என்பதால் அறை காலியாகவே கிடந்தது. அனிட்டா மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தாள். வீடு அதில்தான் ஓடியது.

அந்தச் சமயத்தில் நாச்சிமுத்துவின் பூண்டில் புழு விழுந்தது. மேல்மலை வீடுகளில் பூண்டைக் காய்ந்த தாளோடு முடிந்து, அடுப்படிக்கு மேலே பலகைப் பரணில் தொங்கவிட்டிருப்பார்கள். அடுத்த வெள்ளாமைக்கான விதையெல்லாம் அங்கேதான் இருக்கும். பல் பல்லாகப் பொடிந்து பலகை இடுக்கில் கொட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் அருள்பிரகாஷைத் தேடி வந்தார்.

"தம்பி, வெதப்பூண்டு பூராம் போயிரும் போல. குடோன்ல வைப்பாகள்ல, அந்தப் பொகை மாத்திரை, அத ஒருதரம் வச்சு விட்டுரு."

"அண்ணே, லைசென்ஸே இன்னும் வரல. வந்தாலும் அந்த மாத்திரைக்குத் தனியா அனுமதி வாங்கணும். அப்பவும் ஆள் இருக்கிற வீட்டுல அத வைக்கவே கூடாது."

"ஆள் இருந்தாத்தான? நாங்க மச்சினன் வீட்டுல போய்ப் படுத்துக்கிறோம்."

"வேணாண்ணே. அது சட்டப்படி..."

நாச்சிமுத்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவன் தப்பித்திருப்பான். "சரி தம்பி, ஒனக்குச் சங்கடம்னா வேணாம். கீழ கடையில வாங்கியாந்து நானே வச்சுக்கிறேன்" என்றார்.

அதுதான் இவனை ஆட்டிவிட்டது. தெரியாதவர் வைப்பதைவிடத் தெரிந்த நான் வைப்பது மேல் என்று நினைத்தான். இருக்கிற ஒரே அறையும் கைவிட்டுப் போகாது என்றும் நினைத்தான். முதல் நியாயத்தை அனிட்டாவிடம் சொன்னான். இரண்டாவதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"வேணாங்க. ஆபீசர் திங்கக்கிழமை வர்றாருன்னு சொன்னீங்களே. எவனாவது பெட்டிஷன் போட்டா எல்லாம் போச்சு."

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

சமவெளிக் கடை ஒன்றில், கேட்கக் கூடாத மாத்திரையை யாருக்கும் கேட்காத குரலில் கேட்டு வாங்கி வந்தார் நாச்சிமுத்து. அருள்பிரகாஷ் முகமூடி போட்டுப் பரணில் ஏறினான். பயிற்சியில் சொன்னபடி அளந்து வைத்தான். ஜன்னல், கதவு இடுக்கு எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினான். குறை சொல்ல முடியாத வேலை. கடைசியில் எச்சரிக்கைப் பலகையை வாசலில் மாட்டக் கையில் எடுத்தான். மேலே அவன் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தது. கீழே லைசென்ஸ் எண் என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருந்தது. வாசலை ஒட்டித்தான் பஸ் போகிற ரோடு. பலகையைச் சாக்குக்குள் திருப்பி வைத்துவிட்டான்.

காவலுக்கு ஆள் நிறுத்தச் சொல்கிறது விதி. ஆளை நிறுத்தினால் அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லுவான். அதையும் விட்டான். லைசென்ஸ் இருந்திருந்தால் பலகையை மாட்டியிருப்பான், ஆளையும் நிறுத்தியிருப்பான். லைசென்ஸ் இருந்திருந்தால் அந்த வீட்டுக்குள்ளேயே போயிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

"அண்ணே, நான் வந்து தொறக்கிறவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. அக்காகிட்டயும் நல்லாச் சொல்லிருங்க."

"நான் சொல்லிக்கிறேன் தம்பி."

சொல்லத்தான் செய்தார். வீரம்மாளின் தம்பி வீட்டில் நாலு பேர் காதில் விழுமே என்று, பரணில் எலிமருந்து வைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். எலிமருந்துக்கு எந்தப் பெண்பிள்ளை பயப்படுவாள்?

மறுநாள் சாயங்காலம் மூட்டம் இறங்கியது. வீரம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரணில் பூண்டு கிடக்கிறவரை அடியில் அடுப்புப் புகை போக வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்துக்கு முளைத்துவிடும், அழுகிவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காய்ச்சலிலும் எழுந்து புகை போட்டவள் அவள். இது மேல்மலையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற விஷயமில்லை. அதனால்தான் நாச்சிமுத்துவுக்குச் சொல்லத் தோன்றவில்லை, டவுன்காரனான அருள்பிரகாஷுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் பின்கதவு டேப்பை உரித்துவிட்டு உள்ளே போய், பச்சை விறகைச் சொருகி, குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவள் வாந்தி எடுத்தாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். விடிந்தபோது மூச்சு வாங்கியது. ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நாச்சிமுத்து போன் போட்டதும் அருள்பிரகாஷும் அனிட்டாவும் ஓடி வந்தார்கள்.

"அக்கா, எதுக்கு உள்ள போனீங்க?" என்றான் அருள்பிரகாஷ்.

"பொகை போடாம இருக்க முடியுமாய்யா?" என்றாள் வீரம்மாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வாடை எதுவும் அடிக்கலையா?"

"என்ன வாடை? பூண்டு வாடைதான்."

அருள்பிரகாஷுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மாத்திரையிலிருந்து வருகிற வாயுவுக்குப் பூண்டு வாடைதான். அந்த வாடை வந்தால் போட்டது போட்டபடி ஓடுங்கள் என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பூண்டுக்குக் கீழேயே வாழ்ந்தவள் எந்த வாடைக்கு ஓடுவாள்?

என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். பெயரைச் சொன்னான். பரணில் வைத்திருந்தார்கள் என்றான். யார் என்று சொல்லவில்லை. டாக்டர் ஒரு கணம் அவனையே பார்த்தார். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். மதியத்துக்குள் வீரம்மாள் போய்விட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் ஒரு போலீஸ்காரர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனில் சொல்லியிருந்தார்.

"மாத்திரைய யாருய்யா வச்சது?"

"நான்தான் சார்" என்றார் நாச்சிமுத்து. "கடையில வாங்கியாந்து நானே வச்சேன்." அருள்பிரகாஷ் இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை.

அனிட்டாவின் விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கின. "வாயத் தொறக்காதீங்க" என்றாள் காதோடு. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. ஆபீசர் வரப்போகும் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. அந்த நிம்மதிக்காக அவன் தன்னையே காறித் துப்பியிருக்கலாம். ஆனால் அது வந்தது உண்மை.

"ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கே, நீயா ஒட்டுன?"

"ஆமா சார்."

"பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொன்ன?"

"எலிமருந்துன்னு சொன்னேன் சார்."

"எலிமருந்துக்கு எதுக்கு டேப்பு? ஏன் பொய் சொன்ன? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

அதுவரை நாச்சிமுத்துவைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்ற வீரம்மாளின் தம்பி மெல்லக் கையை எடுத்தான். மாமன் முகத்தை உற்றுப் பார்த்தான். அடுத்த நிமிஷம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். "எங்க அக்காவத் திட்டம் போட்டாடா கொன்ன?" நாச்சிமுத்து கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

அருள்பிரகாஷ் மணிக்கட்டை உருவிக்கொண்டு முன்னால் போனான்.

"சார், அவர விடச் சொல்லுங்க. நான்தான் வச்சேன். டேப்பும் நான்தான் ஒட்டுனேன்."

"நீ யாரு?"

"பெஸ்ட் கன்ட்ரோல் சார், பூச்சிமருந்து வைக்கிறவன்."

சப்-இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "லைசென்ஸ் இருக்கா?"

"இல்லைங்க சார்."

வீரம்மாளின் தம்பி பிடியை விட்டான். சுவரோரம் சரிந்து குந்திய நாச்சிமுத்து, அப்போதுதான் முதல்முறையாக அருள்பிரகாஷை நிமிர்ந்து பார்த்தார்.

"கெடுத்துட்டியே தம்பி" என்றார். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பொழச்சிருக்கலாமேய்யா."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.