நேரில் வர வேண்டியவர்

தபால்காரர் நீட்டிய உறையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததும் பூட்டுக்காரரின் கையிலிருந்த அரம் வழுக்கி, ராவிக்கொண்டிருந்த சாவியின் பல் ஒன்று போயே போய்விட்டது.

அந்தக் கோடு அவருக்கு நன்றாகத் தெரிந்த கோடு. வரித்துறைக்காரர்கள் சோதனைக்குப் போகிற வீடுகளில், நேற்று வரை இடுப்பில் தொங்கிய சாவி அன்றைக்கென்று தொலைந்துபோகும். அப்போது இரும்புப் பெட்டியைத் திறக்க இவரைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டுக்காரர் கையில் இதே சிவப்புக் கோட்டு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நிமிடத்தில் எத்தனையோ பேரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை அவர் பார்த்திருக்கிறார். தன் முகம் எப்படி இருக்கும் என்றுதான் பார்த்ததில்லை.

உறையின் மேல் அண்ணன் பெயர்.

அண்ணன் செத்து எட்டு வருடம் ஆகிறது.

"என்னண்ணே, பெரியவருக்கா வந்திருக்கு?" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தெருவில் எது நடந்தாலும் அடுத்த நிமிடம் ஒலிபரப்பிவிடுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "செத்தவருக்கே கடுதாசி போடுறாங்கன்னா துறை எங்கேயோ போயிடுச்சு."

"பழைய முகவரி எதுலயாவது இருந்திருக்கும்" என்றார் பூட்டுக்காரர்.

"இப்பல்லாம் சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிடுறாங்களாம். உள்ள போனப்புறம்தான் கதவைச் சாத்துறாங்களாம்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே குனிந்து உட்கார்ந்து உறையைப் பிரித்தார்.

'அன்புடையீர், மக்களுக்குச் சேவை செய்வது எப்படி என்று எங்கள் துறை மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை வகுக்கிறது. அதற்கு ஆலோசனை சொல்ல உங்கள் வட்டாரத்தில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். ஏழாண்டுகளாக ஒரு நாள்கூடத் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்தவர்களில் நீங்களும் ஒருவர். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். வேறொருவரை அனுப்ப வேண்டாம். வர இயலாதவர்களை எங்கள் அதிகாரிகள் இருப்பிடத்துக்கே வந்து சந்திப்பார்கள்.'

கடைசி வரியை மூன்று முறை படித்தார். போனால் செத்தவனாகப் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் செத்தவனைத் தேடி அவர்கள் வந்து நிற்பார்கள்.

விஷயம் இதுதான். கடை அண்ணன் பெயரில் பதிவானது. அண்ணன் போனதும் பெயரை மாற்றக் கேட்டு வரி அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தார். நடக்கவில்லை. கணக்குத் தாக்கல் செய்யும் தேதி வந்தது. தவறினால் பதிவு ரத்து, கடைக்குச் சீல். ஒரே ஒரு தடவை என்று அண்ணன் கையெழுத்தைத் தானே போட்டார். புலி வாலைப் பிடித்த கதைதான். அதன்பிறகு விட முடியவில்லை. வரியில் ஒரு காசு குறைத்ததில்லை. ஆனால் கையெழுத்து கள்ளக் கையெழுத்து.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரைப் பார்த்து மனைவி தட்டை இழுத்து மூடினாள்.

"அன்னைக்கே சொன்னேன். நம்ம பேர்ல புதுசா எழுதிக் குடுங்கன்னு. 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்'னு தள்ளினீங்க."

"புதுசா எழுதணும்னா பழசை மூடணுமே. மூடவும் அண்ணன்தான் வரணும்னாங்க."

"சரி, இப்ப என்ன செய்வாங்க?"

"கடைக்குச் சீல் வைப்பாங்க. என்னையும் பிடிப்பாங்களோ என்னவோ. கள்ளக் கையெழுத்துன்னா சும்மா விடுவாங்களா?"

அவள் பீரோவிலிருந்து அண்ணனின் இறப்புச் சான்றிதழை எடுத்து, அவர் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்தாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். வியாழக்கிழமை வரை அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

கூட்டம் வரி அலுவலக மாடியில். வாசலில் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர் நின்று வரவேற்றார். சேவைத் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பாம். அழைப்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசையில் அடுக்கியிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து அவரே இவர் சட்டையில் குத்திவிட்டார். அடையாள அட்டையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நெஞ்சில் அண்ணன் பெயர். குண்டூசி தோலில் படவில்லை, ஆனாலும் குத்தியது.

பன்னிரண்டு நாற்காலிகள். பக்கத்தில் பழைய புத்தகக் கடைக்கார அம்மாள். எதிரே டயர் கடைக்காரர். தெருவில் பார்த்தால் வாயோயாமல் பேசுகிறவர்கள் இருவரும். இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வண்டிச் சத்தம் என்று அதிகாரி கதவைச் சாத்தினார். பூட்டின் நாக்கு விழுந்த ஓசையிலேயே பூட்டுக்காரருக்கு அது என்ன பூட்டு என்று தெரிந்துவிட்டது. திறக்க அரை நிமிட வேலை. ஆனால் கையில் கம்பி இல்லை.

"உறையைப் பார்த்து யாரும் பயந்துடலையே?" என்று அதிகாரி சிரித்தார். "புது உறை அச்சாகி வரலை. பழைய நோட்டீஸ் உறை நிறைய மிச்சம் இருந்தது. வீணாக்க வேண்டாமேன்னு அதுலயே அனுப்பிட்டோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரி திட்டத்தைப் படித்தார். எளிய மொழியில் படிவங்கள். ஊர் ஊராக உதவி வண்டி. சிரித்த முகத்தோடு கவுன்ட்டர். பூட்டுக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. படித்து முடித்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இவ்வளவும் செஞ்சாலும் ஜனங்க எங்ககிட்ட வரப் பயப்படுறாங்க. ஏன்னு நீங்கதான் சொல்லணும்."



அதிகாரி இவர் நெஞ்சு அட்டையைப் பார்த்து அண்ணன் பெயரைச் சொல்லி அழைத்தார். பூட்டுக்காரர் அசையவில்லை. இன்னொரு முறை அழைத்தார். மூன்றாவது முறை புத்தகக் கடை அம்மாள் முழங்கையால் இடித்தாள். "உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

எழுந்தார். ஏதாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தப் பெயரை இன்னொரு தடவை கேட்டால் தாங்காது என்று தோன்றியது.

"அது நான் இல்லீங்க மேடம். அது எங்க அண்ணன். எட்டு வருஷம் ஆச்சு அவர் போய்."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்போ கணக்கு யார் குடுத்தது?"

"நான்தான். கையெழுத்தும் நான்தான் போட்டேன்." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "கீழே ஆறாம் கவுன்ட்டர்ல, பேர் மாத்தணும்னா உரிமையாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு சொன்னாங்க. இறந்துட்டாருங்கன்னு சான்றிதழைக் காட்டினேன். 'அதெல்லாம் சரி, படிவத்துல அவர் கையெழுத்துக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நாலு தடவை வந்தேன் மேடம். அஞ்சாவது தடவை வர்றதுக்குள்ள தேதி வந்துடுச்சு."

"இது கள்ளக் கையெழுத்து. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவர் கடையை மனதுக்குள் பூட்டிச் சாவியை அவர்களிடம் கொடுத்தேவிட்டார். அப்போதுதான் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. புத்தகக் கடை அம்மாள் எழுந்திருந்தாள்.

"இந்த அட்டையில இருக்கறது என் மாமியார் பேர். அவங்க செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. உசுரோட இருந்தப்ப அந்த மகராசி ஒரு தடவைகூட நேரத்துக்குக் கணக்குக் குடுத்ததில்ல."

"எங்கப்பாவும் போனதுக்கு அப்புறம்தான் ஒழுங்கானவர் ஆனார்" என்றார் டயர் கடைக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அதிகாரி பட்டியலை எடுத்தார். பன்னிரண்டு பெயர்களையும் பார்த்தார், பன்னிரண்டு முகங்களையும் பார்த்தார். "தவறாமக் கட்டினவங்களைக் குடுன்னுதான் கம்ப்யூட்டரைக் கேட்டோம்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"உசுரோட இருக்கறவன் ஒரு நாள் தாமதமாக் கட்டுவான் மேடம்" என்றார் பூட்டுக்காரர். "எங்களால அது முடியாது. ஒரு நாள் தவறினா யாராவது தேடி வருவாங்களே."

அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்தப் பேனா எங்கே போய் நிற்கும் என்பதையே பூட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இதை மறைக்க முடியாது. மேல எழுதியே ஆகணும். விசாரணை வரும்."

"கடைக்குச் சீல் வைப்பீங்களா?"

"அந்த முடிவு என் கையில இல்லை. விசாரணை முடியற வரைக்கும் வைக்கக் கூடாதுன்னு எழுதுற அதிகாரம் இருக்கு. வரி முழுசாக் கட்டியிருக்கீங்களா?"

"ஒரு காசு பாக்கி இல்லை. ரசீது எல்லாம் வச்சிருக்கேன்."

"தானா வந்து சொன்னார்னு எழுதறேன். அது முக்கியம். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சான்றிதழோட வாங்க. ஆறாம் கவுன்ட்டருக்குப் போக வேண்டாம், நேரா என்கிட்ட வாங்க."

"வாயால சொன்னா போதாதுங்க மேடம். எழுதிக் குடுங்க." இவ்வளவு துணிச்சலாக ஒரு அதிகாரியிடம் அவர் பேசியதே இல்லை. பயம் முற்றிப்போனால் அப்படியும் ஒன்று வரும்போலிருக்கிறது.

அதிகாரி தன் திட்டத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் புறத்தில் எழுதினார். எழுதி, முத்திரை குத்தி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். தன் சொந்தப் பெயரைச் சொன்னார். அதற்குள் பூட்டுக்காரர் பின்னால் வரிசை நின்றுவிட்டது. வாய் திறந்த அந்த இரண்டு பேர் மட்டுமில்லை, ஐந்து பேர்.

கீழே இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்ன சொன்னாங்க?" முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. விசாரணை உண்டு. அது முடியற வரைக்கும் சீல் கிடையாது."

"யாரை விசாரிக்கப் போறாங்க?"

"என்னைத்தான். என் பேர்லயே எழுதிக் குடுத்திருக்காங்க."

"திங்கக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. சட்டையில் குத்தியிருந்த அண்ணன் பெயர் அட்டையைக் கழற்றி, இறப்புச் சான்றிதழ் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.