பன்னிரண்டாவது மீட்டர்

...பதினொன்று, பன்னிரண்டு, இன்னும் குண்டு துள்ளவில்லையே, மெத்தென்றுதான் இறங்குகிறது, களிமண்ணா, சே, இந்த நேரம் பார்த்தா களிமண், ஜாஸ்மின் குத்துக்கு ஒரு கோடாக நோட்டில் இழுத்துக்கொண்டே வந்தாள். இரும்புக் கால்கள் மூன்றின் நடுவே கயிறு ஏறுகிறது, கதிரேசன் அண்ணன் விடுகிறார், அறுபது கிலோவுக்கு மேலான குண்டு குழாயின் தலையில் டங்கென்று விழுகிறது. ஏர்போர்ட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு வரப்போகிற மெட்ரோ, இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டோரம் எங்கே கால் ஊன்றலாம் என்று மண்ணைக் கேட்டுப் பார்க்கும் வேலை, அவள் பொறுப்பில் போடும் முதல் குழி. குழி இப்போது பன்னிரண்டாவது மீட்டரில், இதற்குள் பாறை வந்தால் தூணின் அடித்தளம் சின்னதாக முடிந்துவிடும், வராவிட்டால் அகலமாகும், அகலமானால்... நேற்று ஆபீசில் சுப்ரமணியன் சார் வரைபடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார், அதற்குள் இதோ பக்கத்திலிருக்கும் அங்காளம்மாள் அக்காவின் இட்லிக் கடை முழுசாக விழுந்தது. "கடை இருக்காதும்மா" என்றார், டீயைக் குடித்தார், அவ்வளவுதான். அவருக்கென்ன, ஒருநாளாவது அக்கா கடை வடகறியைத் தொட்டுச் சாப்பிட்டிருந்தால் பென்சில் அப்படி வழுக்கிக்கொண்டு போயிருக்குமா?

பத்தொன்பது, இருபது... முடிவாகாததை வெளியே சொல்லக்கூடாது என்று ஆபீசில் கண்டிப்பு, சொல்லலாம் என்றாலும் வாய் வராது, அக்காவோ இது போர்வெல் என்றே முடிவு கட்டிவிட்டாள். தூணுக்கு மண் டெஸ்ட், அக்கா என்று இரண்டு நாளாகத் தொண்டை வறளச் சொல்லியாயிற்று, "அதெல்லாம் சரி கண்ணு, தண்ணி எத்தினி அடில கீது?" என்கிறாள். கடைக்குப் பின்னால் பார், நாலு பச்சைக் குடம், ஒரு நசுங்கிய பக்கெட், ஒரு செங்கல், ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்கு வரிசையில் இடம். காலையில் இரும்புக் கால் மூன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, "ஆத்தா, ஊத்து பொங்கணும்" என்று தேங்காய் உடைத்தாளே... ஊற்று பொங்கும் இளகிய மண் என்றால் உன் கடைதானே போகும், அக்கா! பக்கத்தில் நின்ற ஜாஸ்மினும் கண்ணை மூடிக் கைகூப்பினாள், இயேசப்பா, பாறை, நல்ல கெட்டிப் பாறை. அம்மா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், ஒரே கற்பூரத்தில் இரண்டு சாமி, இரண்டு கோரிக்கை, ஒன்றை ஒன்று வெட்டுகிற கோரிக்கை.

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, அட, சத்தம் மாறுகிறதே, டங் போய் கிண் என்கிறது, கதிரேசன் அண்ணனும் திரும்பிப் பார்க்கிறார், நாற்பது, குழாயில் போட்ட சாக்பீஸ் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது! "மேடம், எகிறுது மேடம், பாறை!" ஜாஸ்மினுக்கு எங்கிருந்து அத்தனை சந்தோஷம் வந்ததோ, ஹெல்மெட்டோடு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "பாறைக்கா! பாறை!"

அக்காவின் முகம் வாடிப்போனது. பிறகு என்ன நினைத்தாளோ, ஜாஸ்மினின் முதுகைத் தடவினாள். "வுடு கண்ணு, இதுக்குப் போயி அழுவுறியே. உன் மேல இன்னா தப்பு? வா, சூடா துன்னு." அழுகிறேனா? ஆமாம், கண்ணெல்லாம் தண்ணீர், சிரிப்பும் வருகிறது, தட்டில் நாலு இட்லி, கொதிக்கக் கொதிக்க வடகறி, குடங்களை ஒவ்வொருத்தராக வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், இந்தக் கடை இருக்கும், நாளைக்கும் இருக்கும், ரயில் தலைக்கு மேல் ஓடும்போதும் இந்த அடுப்பு எரியும். இதைவிட ருசியாக அவள் எதையும் தின்றதில்லை.

"நாளைக்கி எங்க போடுறீங்கோ?" என்றாள் அக்கா. அந்தாண்ட, முனிரத்தினம் அண்ணன் பஞ்சர் கடை எதிரே, என்று வாய் நிறைய இட்லியோடு கை காட்டினாள் ஜாஸ்மின். "அங்கயாச்சும் தண்ணி வரட்டும். நானே வந்து தேங்கா ஒடைக்கிறேன்."

ஜாஸ்மின் தட்டைக் கீழே வைத்தாள். அந்தக் கடையையும் தொட்டுக்கொண்டு ஒரு பென்சில் கட்டம் இருக்கிறதே... அங்கே தேங்காய் வேண்டாம்க்கா என்று சொல்ல வாயெடுத்தாள். தேங்காய்க்கும் பாறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, படித்தவளுக்கு அது தெரியாதா, தெரியும், நன்றாகவே தெரியும்... பிறகு எதற்காக, உடைக்கவிடாமல் தடுப்பதுபோல, அக்காவின் கையை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?