கேஸ்கட்டு

பழந்துணியைச் சுற்றி உதயா மூடியைத் திருகியதும் ரேடியேட்டர் சீறியது. முகத்தில் அடித்த ஆவிக்குப் பயந்து பின்னால் தாவியவன், வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டுச் சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்தான்.

வாசற்படியில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்த நர்மதா சிரிக்கவில்லை. சிரிக்கும் அளவுக்குக்கூட அந்தக் காலையில் அவனை அவள் மதிக்கவில்லை. உள்ளே அப்பன் செத்துக்கொண்டிருக்கிறார். மகன் வெளியே வண்டியோடு மல்லுக்கட்டுகிறான்.

“ஆற வுட்டுத் தொறக்கணும்னு கூடவா தெரியாது?” என்றாள்.

“ஆறிடுச்சுன்னு நெனச்சேன்,” என்று உதயா எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டான். எதற்கும் இப்படி ஒரு பதில் அவனிடம் இருக்கும்.

விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏற்றப் போன வண்டி திருவொற்றியூரிலேயே கொதித்து நின்றுவிட்டது. டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, நின்று நின்று எப்படியோ காத்திவாக்கத்து வீடு வரை கொண்டு வந்து சேர்த்திருந்தான். மெக்கானிக்கிடம் விடலாம்தான். ஆனால் அப்பாவின் நிலைமை இப்படி இருக்கும்போது வீட்டை விட்டு எங்கே போவது என்றான். அதைக் கேட்டபோது நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில்தான் இருக்கிறான். அப்பாவின் கட்டில் பக்கம் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

ஜன்னல் ஓரக் கட்டிலில் கோதண்டம் கிடந்தார். பெரியாஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நுரையீரல் போய்விட்டது. தானாகத் திரும்பிப் படுக்க முடியாது, சிறுநீருக்கும் நர்மதாதான். நாக்கு மட்டும் நோய் தொடாமல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாலும் திட்டுவதை அவர் விடவில்லை.

“கேஸ்கட்டு போயிருக்கும். அவனாண்ட சொல்லு,” என்றார்.

கேஸ்கட்டு என்பது என்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் தகடு என்பது நர்மதாவுக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் வண்டியைத் தவிர வேறென்ன பேசினார்கள்? கடலுக்குப் போகப் பிடிக்காமல் கோதண்டம் இளவயதில் வாங்கிய வண்டி அது. படுக்கையில் விழும் வரை சாவியை மகன் கையில் கொடுக்கவில்லை. கொடுத்த பிறகு, என் வண்டியைக் கொன்னுட்டான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசி நெடுங்காலம் ஆகிறது. அதனால் அன்று காலை முழுக்க நர்மதா உள்ளுக்கும் வெளியிலுமாக நடந்தாள். கேஸ்கட்டாம் என்று போய்ச் சொன்னாள். இல்லை, ஓஸ் பைப்புதான் வெடித்திருக்கிறது என்றான் உதயா. வெடித்த துண்டை அறுத்து எறிந்துவிட்டு, புதுசு மாட்டி, கிளிப் போட்டு முறுக்கினான். வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் மறுபடி சிவப்புக்கு ஏறியது. ஜன்னலுக்குள்ளிருந்து இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“பாத்தியா? கேஸ்கட்டு. அவனுக்கு இன்னா தெரியும்? பேமானி.”

உதயா என்ஜினை அணைத்தான். அப்பா சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. கழுத்து சிவந்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டு ஆண்களில் ஒருவனுக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது, இன்னொருவனுக்கு அதுவும் இல்லை என்று நர்மதா நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறிய பிறகு ரேடியேட்டரையே கழற்றி எடுத்தான். தெருக் குழாயில் ரப்பர் பைப்பைச் செருகி, மறுமுனையை ரேடியேட்டரின் கீழ்வாயில் வைத்து அழுத்திப் பிடித்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கட்டி விழுந்தது. அதன் பின்னால் குபுக் குபுக்கென்று மஞ்சளும் பழுப்புமாகச் சேறு கொட்டியது. தெருவெல்லாம் பழைய குழம்பு வாடை.

உதயா ஒரு பிடி அள்ளி விரல்களில் தேய்த்துப் பார்த்தான்.

“மஞ்சத்தூள்,” என்றான்.

“இன்னாது?”

“ஓட்டை அடைக்கிறதுக்கு நைனா மஞ்சத்தூளக் கொட்டிகீறாரு. எத்தினி தபா கொட்டினாரோ. உள்ள பாதி பைப்பு அடச்சிகினு கீது. தண்ணி எப்டி ஓடும்? சூடு எப்டி எறங்கும்?”

சமையலறையில் மஞ்சள்தூள் டப்பா காலியாகும்போதெல்லாம் மாமனார் தன்னைக் கைவீசிச் செலவழிக்கிறவள் என்று ஏசியது நர்மதாவுக்கு நினைவு வந்தது. மாமியார் உயிரோடிருந்தபோது அவளும் அந்த ஏச்சை வாங்கியிருப்பாள். என்ஜின் கெட்டதற்கு மகன், மஞ்சள் தீர்ந்ததற்கு மருமகள். இத்தனை வருஷமும் இரண்டுக்கும் காரணம் அந்தக் கட்டிலில் கிடக்கிறது.

கீழே கிடந்த பெயிண்ட் டப்பா மூடியில் சேற்றை வழித்து எடுத்தாள்.

“இத இன்னா பண்ணப்போற?”

“காட்டப்போறேன்.”

“வாணாம், நர்மதா.”

“உன்னாட்டம் ஒர்த்தன நான் பாத்ததில்ல,” என்றாள் அவள். “சாவுறதுக்கு முன்னாடியாச்சும் அந்தாளு தெரிஞ்சிக்கட்டும்.”

உதயா ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தான்.

வேகமாகத்தான் உள்ளே போனாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். கோதண்டம் கண்ணை மூடியிருந்தார். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தில் அவள் கை பட்டது. அது சில்லென்றிருந்தது. மார்பு ஏறி, வெகுநேரம் நின்று, பிறகு இறங்கியது. காலையில் அப்படி இல்லை.

அவளுடைய காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தார். பார்வை அவளைத் தேடி, கிடைக்காமல், ஜன்னல் பக்கம் போனது.

“இன்னா… வாம்?”

நர்மதா மூடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“நீ சொன்னதுதான் மாமா. கேஸ்கட்டு.”

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. எத்தனையோ வருஷமாக அவள் வெறுத்த அதே கோணல்.

“சொன்னேன்ல,” என்றார். “சொன்னா… கேக்கமாட்டான்.”

தண்ணீர் கேட்டார். கரண்டியில் ஊற்றினாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது கடைவாய் வழியாகத் தலையணையில் வடிந்தது. அவள் துடைத்தாள். இன்னொரு கரண்டி எடுத்து, ஊற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் உதயாவைக் கூப்பிட்டாள்.

சாவுச் சேதி கேட்டு உதயாவின் அக்கா வினிதா பழவேற்காட்டிலிருந்து வந்து இறங்கியதும் நர்மதாவின் தோளைப் பிடித்து உலுக்கி, கடைசியாக என்ன சொன்னார் என்றுதான் கேட்டாள். எதையாவது சொல்லியாக வேண்டும். வண்டியைப் பற்றிக் கேட்டார், கேஸ்கட்டு என்றார் என்று நர்மதா சொன்னாள். அது போதுமாயிருந்தது. படுத்துக்கினே கண்டுபுடிச்சியே நைனா என்று வினிதா மாரில் அடித்துக்கொண்டு ராகம் போட்டாள். அவள் புருஷன் மணி அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். மாலை போட வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். பாடை தூக்கும் நேரத்துக்குக் கதை நன்றாக வளர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகச் சத்தத்தை மட்டும் கேட்டே சொல்லிவிட்டாராம். மெக்கானிக்குகளே கைவிட்ட வண்டியாம். மகன்தான் கேட்கவில்லையாம்.

நர்மதா பெண்கள் நடுவே உட்கார்ந்து, தலைவிரித்து அழும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உயிரோடிருந்தபோது இவர்களில் ஒருத்தியும் அந்த மனிதரோடு ஒரு வேளை சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. உதயா பானையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். போகும்போது ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். கோபமா, வேறேதாவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் குளித்துவிட்டுப் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து வந்த இட்லியை நர்மதா எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மணி, எல்லோருக்கும் கேட்கும்படி, உதயாவைப் பார்த்துக் கேட்டான்.

“இன்னா மாப்ள, அந்தக் கேஸ்கட்ட மாத்திட்டியா இல்லியா?”

நர்மதாவின் கை நின்றது. பேச்செல்லாம் அடங்கி, எல்லோரும் உதயாவின் முகத்தைப் பார்த்தார்கள். மழித்த தலையில் ஈரம் இன்னும் காயவில்லை.

“மாத்தணும் மாமா,” என்றான் உதயா. “நைனா சொல்லிட்டாரு இல்ல.”

அப்பன் பேச்சை அப்போதே கேட்டிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும் என்று மணி பல்லைக் குத்திக்கொண்டு சொன்னான். இரண்டு பேர் தலையாட்டினார்கள். உதயாவும் ஆட்டினான்.

இட்லி தீர்ந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பந்தல்காரர் வந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். கடைசி நாற்காலியில் உதயா உட்கார்ந்திருந்தான். எழச் சொல்வதா என்று தெரியாமல் அவர் நர்மதாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் மெதுவாக அந்தக் கோடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.