நட்சத்திரக் குறிக்குள் இரண்டு பேர்

1.

நன்றி சொல்லப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதில் திருந்திய கதை இது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் என் மகளும் உயிரோடிருப்பதற்கு இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி காரணம். டாக்டர்கள் எழுதியனுப்பும் இறப்புக் காரணத்தைப் படித்து, அதற்குரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவர் வேலை. அந்த எண்களைத் தொகுத்துத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை வெளியிடுகிறார்கள்: இன்ன நோயில் இத்தனை பேர், இன்ன விபத்தில் இத்தனை பேர். சரியாக எழுதாத படிவத்தை அவர் விடுவதில்லை என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மரணத்தின் வாசலில் அமர்ந்திருக்கும் அந்தத் தனிமையான பெண்ணின் கண்களில்…”

(அடித்துவிட்டேன். அவர் தனிமையானவர் இல்லை. வீட்டில் கணவர், இரண்டு மகள்கள், மாமியார், போதாக்குறைக்கு ஒரு கிளி. கண்களைப் பற்றிச் சொல்வதானால், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார் என்பதுதான்.)

2.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுடையது நான்கு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் நானும் பதினோரு வயது மகளும். நேர் கீழே, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். நேர் மேலே, பல் டாக்டரிடம் வேலை பார்த்த ஒரு பெண், வயது இருபத்தொன்பது, தலை வாரிக்கொண்டே படி இறங்குவாள். மூன்று குளியலறையிலும் கேஸ் கீசர். மூன்றின் புகையும் ஒரே குழாய் வழியாக மொட்டைமாடிக்குப் போகும். மாடியில் ஒழுகுகிறது என்று பூச்சு வேலை பார்த்தவர்கள் அந்தக் குழாயின் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். இது அப்போது யாருக்கும் தெரியாது.

வாத்தியார் குளியலறையில் விழுந்து இறந்தார். எழுபத்திரண்டு வயது. ‘இதயம் நின்றது’ என்று குடும்ப டாக்டர் எழுதினார். ஆறு வாரம் கழித்து மேல்வீட்டுப் பெண்ணும் அதே போலக் கிடந்தாள். சின்ன வயதிலிருந்தே இதயத்துக்கு மருந்து சாப்பிட்டவள். ஆஸ்பத்திரியிலும் ‘இதயம் நின்றது’ என்றே எழுதினார்கள். நாங்கள் இரண்டு முறையும் அழுதோம். படிக்கட்டில் நின்று பேசினோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

(எங்கள் குளியலறை ஜன்னலின் கொக்கி உடைந்து, எந்நேரமும் திறந்தே கிடந்தது. அதனால்தான் எங்களுக்கு வெறும் தலைவலியோடு போயிற்று. அந்தக் கொக்கியை மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரை நாலு மாதம் நச்சரித்தேன். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆளை அனுப்பினார். ஜன்னல் கச்சிதமாக மூடியது. ரொம்ப நன்றி என்று அவருக்குப் போன் செய்து சொன்னேன்.)

3.

இந்தப் பகுதியில் நான் இல்லை. பாதி, மேல்வீட்டுப் பெண்ணின் படிவத்தை எழுதிய டாக்டரம்மா சொன்னது, பாதி என் ஊகம்.

அதே செவ்வாய்க்கிழமை. வெள்ளியன்று அட்டவணையை முடிக்க வேண்டும். அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு வெளியீடு. மேல்வீட்டுப் பெண்ணின் படிவம் ஏன் மேடத்தின் மேசைக்கு வருகிறது. எங்கேயோ பார்த்த முகவரி. பழைய படிவக் கட்டை எடுத்துப் புரட்டுகிறார். வாத்தியார் அகப்படுகிறார்.

“ரெண்டும் இதயம்தானே? நம்பரைப் போட்டுட்டு அடுத்ததை எடுங்க மேடம்,” என்கிறார் மேலதிகாரி. “நம்ம வேலை எண்றது. துப்பறியறது இல்ல.”

“என்னத்த எண்றோம்னு தெரிய வேண்டாமா சார்?”

(முதல் பிரதியில் மேலதிகாரி கெட்டவர். பிறகு நேரில் பார்த்தேன். வெள்ளி சாயங்காலம் வரை அட்டவணையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர் அவர்தானாம். ஆகவே இங்கே அவர் எரிச்சலான மனிதர், அவ்வளவே.)

குடும்ப டாக்டர் போனில் சிடுசிடுத்தார். “எழுபத்திரண்டு வயசும்மா. இதயம் நின்னுடுச்சு. வேற என்ன எழுதச் சொல்றீங்க?”

“எல்லாருக்கும் கடைசியில இதயம்தான் டாக்டர் நிக்குது. ஏன் நின்னுதுன்னுதான் படிவத்துல கேக்கறோம்.”

அடுத்து, ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சின்ன வயது. உடனே நினைவு வந்துவிட்டது.

“எங்க கிடந்தாங்கன்னு சொன்னாங்களா டாக்டர்?”

“குளிக்கற ரூம்ல. தூங்கற மாதிரியே இருந்தாங்க மேடம். உதடு, நகமெல்லாம் நல்லா செவந்து…” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். “ஐயோ. விஷவாயு ஏறினாதான் அப்படிச் செவக்கும். கீசர் கேஸா?”

“அதை நான் சொல்லக்கூடாது. மத்தவங்க படிவத்தைப் பத்தியும் நான் பேசக்கூடாது. ஆனா சுகாதார ஆய்வாளருக்கு நீங்க போன் பண்ணலாம். இன்னிக்கே பண்ணலாம்.”

4.

புதன்கிழமை சாயங்காலம். மகள் குளிக்கப் போய் நாலு நிமிடம் இருக்கும். வாசலில் சுகாதார ஆய்வாளர். மேல்வீட்டைப் பார்க்க வந்தவர், வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு இறங்குகிறார், கையில் செங்கல் அளவுக்கு ஒரு கருவி.

“கீசர் இப்போ ஓடுதா?”

“ஆமா, பொண்ணு குளிச்சிட்டி—”

கருவி அலறியது. அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினார். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதிலில்லை. (இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். நிஜத்தில் அது பத்து விநாடி.) தாழ்ப்பாள் விலகியது. பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, தலை நிறைய நுரையோடு, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“தலை சுத்துதும்மா. அதுக்கு எதுக்குக் கத்தறே?”

அப்படியே அள்ளிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினேன். தெருவில் உட்கார வைத்ததும் காற்றை இழுத்து இழுத்து விட்டாள். கொஞ்ச நேரத்தில், போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று என்னைத் திட்டினாள். அந்தத் திட்டு எவ்வளவு நன்றாக இருந்தது!

5.

இரண்டு டாக்டர்களும் வெள்ளிக்குள் காரணத்தைத் திருத்தி அனுப்ப, அடுத்த வியாழன் பத்து மணிக்கு அட்டவணை வந்தது. ‘தற்செயலாக விஷவாயு தாக்கி’ என்ற வரியில் எங்கள் பகுதிக்கு நேராக எண் இல்லை. ஒரு நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில்: ஐந்துக்குக் குறைவானால் எண்ணைக் காட்டுவதில்லை, இறந்தவர் இன்னார் என்று பிறர் கண்டுபிடித்துவிடக் கூடாது. எனக்குத் தெரியும், உள்ளே இரண்டு பேர். நான்கு பேராகியிருந்தாலும் அதே நட்சத்திரம்தான்.

டாக்டரம்மாவிடம் விசாரித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரிதான் நாற்காலி இழுத்துப் போட்டார்.

“எந்தக் கட்டடத்தைப் பத்தியும் நான் பேச முடியாதும்மா,” என்றார் ஏன் மேடம்.

“பேச வேண்டாம். நன்றி சொல்லத்தான்—”

“எதுக்கு? பதில் சரியில்ல, கேட்டேன். தினமும் இருபது பேரைக் கேக்கறேன். பாதிப் பேர் திட்டறாங்க.” என் கையிலிருந்த இந்தக் கதையின் முதல் பிரதியை வாங்கிப் படித்தார். ஒரே ஒரு சொல்லை அடித்தார். “உள்ளுணர்வுன்னு எழுதியிருக்கீங்க. அதெல்லாம் இல்ல. முகவரியை ஒத்துப் பாக்கணும்னு எங்க விதியிலேயே இருக்கு. நான் பாத்தேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொண்ணு நல்லா இருக்காளா?”

6.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வாத்தியார் வீட்டம்மாவை விட்டுவிட்டு முடிக்க மனம் வரவில்லை.

திருத்திய சான்றிதழ் அவருக்கு வந்தது. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது என்ன காலியா இருக்கு?”

தொந்தரவு தொடங்கியதிலிருந்து இறப்பு வரை எவ்வளவு காலம் என்று கேட்கும் கட்டம்.

“ஒரு வாரமா தலைவலின்னாரு. கண்ணாடியை மாத்துங்கன்னு நான்தான் சொன்னேன். யார்கிட்டயும் இதைச் சொல்லல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதை எழுதினா வேற யாருக்காவது உதவுமா?”

“உதவும்மா.”

“அப்போ போய்ச் சொல்லிட்டு வந்துடலாம். நீயும் வா.”

குடும்ப டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவர் எப்படிச் சொல்வார், சொன்ன பிறகு மனம் லேசாகுமா, கனக்குமா? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் அவருக்காக அழுகிறேன், அவர் அழவில்லை. அதனால் அந்தக் கட்டத்தை உங்களிடமே விடுகிறேன். நீங்கள் யாரையாவது ‘கண்ணாடியை மாத்து’ என்று சொல்லி அனுப்பியிருந்தால், என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். எனக்கு நேரமும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படியில் நிற்கிறார், “இன்னுமா எழுதறே? டாக்டர் பத்து மணிக்குக் கிளம்பிடுவாராம், வீட்டைப் பூட்டிட்டு வா,” என்று குரல் கொடுக்கிறார், நான் பேனாவை மூடுகிறேன்.