காலி தவாய்

தேவேந்திரனுக்குக் கை நடுக்கம் நின்றுபோன அன்று அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, பார்க்கின்சன். புரோத்ராபூரில் பக்கத்துப் பக்கத்து அறை. நான் மூன்று வருடத்துக்கு முன்பு ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குச் சலூன் வேலைக்கு வந்தவன். அவன் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அவனைப் பெற்றவர்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். இங்கே டோங்கி என்று சொல்கிற மீன்பிடிப் படகுகளுக்குப் பெயர் எழுதுவது அவன் தொழில். அவன் கை ஆடினால் எழுத்து கோணும். என் கை ஆடினால் கத்தி கழுத்தில் இறங்கும். முதலாளி என்னிடமிருந்து சவரக் கத்தியை வாங்கிக்கொண்டு முடி வெட்டுகிற மிஷினை மட்டும் கொடுத்திருந்தார். அதுவும் போனால் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். அங்கே எனக்கென்று யாரும் இல்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். காலையில் உடற்பயிற்சி வகுப்பும் உண்டு, கடையை விட்டு வர முடியாது என்று அதற்கு மட்டும் நான் போகவில்லை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும் என்றார்கள். நான் நம்பவில்லை. கையால் எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டு மாதத்தில் அவன் தூரிகை நேராக ஓடியது. எனக்கு டம்ளர் தண்ணீர் பாதி சட்டையில்தான். போதாததற்கு ஒரு டோங்கியின் முன்னால் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினான்.

"பாருங்கண்ணே, ஸ்கேல் வச்ச மாதிரி இல்ல? உங்களுக்கும் வரும். கொஞ்சம் லேட்டா வரும்."

அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் பானு பக்கத்து மேஜைக்காரியிடம் என்னைக் காட்டி, "இன்கோ காலி தவாய்" என்றாள். அவள் திக்லிபூர்க்காரி, இந்திதான் பேசுவாள். என் இந்தி சலூன் இந்தி. ஆனால் இன்கோ என்றால் இவருக்கு, தவாய் என்றால் மருந்து என்று தெரியும். காலி என்றால் காலி. அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னுடையது வெற்று மாத்திரை.

அன்று சாயங்காலம் தேவேந்திரன் அறையில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடினான். அவன் மாத்திரை டப்பா அலமாரியில் இருந்தது. என் டப்பா பையில். மாத்திரைகளை மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நடுங்குகிற கைக்குக்கூட அதிக நேரம் ஆகவில்லை.

நாலாம் நாள் டம்ளர் சிந்தாமல் வாய்க்கு வந்தது. ஏழாம் நாள் முதலாளியிடம் கத்தியைக் கேட்டு வாங்கி ஒரு பெங்காலிக்காரருக்குச் சவரம் செய்தேன். நாற்காலியிலேயே தூங்கிப்போனார், ஒரு கீறல் இல்லை. பக்கத்து அறையில் தேவேந்திரன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். எழுந்தால் தலை சுற்றியது. தூரிகையைத் தொடவில்லை. மருந்து இல்லாத உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் நான் பட்டதை இவனும் படட்டும்.

பத்தாம் நாள் அவனைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான். பானு அவனைப் பார்த்துப் பதறிவிட்டாள். டாக்டர் சொல்லும்வரை காலை உடற்பயிற்சி வகுப்பு வேண்டாம் என்று சைகை காட்டி, "ஆப் பீ அப் காலி தவாய்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கும் காலியா? என்ன அர்த்தம் என்று பானுவிடம் கேட்டேன்.

"காலி மத்லப் சிர்ஃப், பையா."

தேவேந்திரன் கண்ணை மூடியபடியே தமிழில் சொன்னான். "காலின்னா இந்தியில மட்டும்னு அர்த்தம். மருந்து மட்டும்னு சொல்லுதுண்ணே. பயிற்சி இல்லாம. நீங்க கடைய விட்டு வர முடியாதுன்னு சொன்னீங்கல்ல, அதுதான் உங்களுக்கும்."

டாக்டர் வந்ததும் மாற்றியதைச் சொன்னேன். சொல்லாவிட்டால் அவன் செத்துப்போவானோ என்ற பயம். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. அவர் திட்டவில்லை. மெயின்லேண்டில் சோதனையை நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டார். ஆபத்து என்றால் மட்டும் யாருக்கு எது என்ற ரகசியத்தை அங்கே திறப்பார்களாம், திறந்தார்கள். நிஜ மருந்து என்னுடையதுதான். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு ஏற்றிக் கொடுத்ததை அவன் ஒரேயடியாக விழுங்கியிருக்கிறான். அவனுடையது முதல் நாளிலிருந்தே மாவு.

இருவரையும் சோதனையிலிருந்து நீக்கினார்கள். தேவேந்திரன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மெல்ல ஆடத் தொடங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

"மாத்துனதுகூட பரவால்லண்ணே. மாவுன்னு எனக்குத் தெரியாமப் பண்ணியிருக்கலாம்."

மறுநாள் கத்தியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். வருகிற வழியில் அவன் பெயர் எழுதிய டோங்கியைப் பார்த்தேன். வெறும் மாவைத் தின்றுவிட்டு இரண்டு மாதம் எழுதியிருக்கிறான். அதே மாவில் எனக்கு வாய்த்தது பத்து நாள்தான். எழுத்து ஒவ்வொன்றும் நேராக நின்றது. இப்போதும் வயிறு எரிந்தது.